அழாத குழந்தைக்கே முதல் இடம்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நம்மவர் வழக்கு. வீட்டுக்கு அது பொருந்தலாம், மருத்துவமனைக்குப் பொருந்தாது. புறநோயாளிகள் பிரிவின் வரிசையில் வீறிட்டு அழும் குழந்தைக்கு மூச்சு இருக்கிறது, வலு இருக்கிறது, தன்னைச் சுற்றி நடப்பதை உணரும் தெளிவும் இருக்கிறது. தாயின் தோளில் துவண்டு, ஊசியைக் கண்டும் முகம் திருப்பாமல் கிடக்கும் குழந்தையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த எளிய உண்மையை நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால், அதை எனக்குப் புரியவைத்தவன் ஒரு மூன்று வயதுச் சிறுவன்.

நான் செவிலியராகப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஓர் இரவு. அவன் வயிற்றுப்போக்குடன் சேர்க்கப்பட்டிருந்தான். மாலை முழுவதும் தண்ணீர் கேட்டு அழுதுகொண்டே இருந்தான். இரவு 11 மணிக்கு மேல் அழுகை நின்றது. வார்டில் அன்று 40 குழந்தைகளுக்கு மேல் இருந்தனர். பணியில் நாங்கள் இருவர். வெப்பநிலையைப் பார்த்தேன், இயல்பாக இருந்தது. குறிப்பேட்டில் 'அமைதியாக உறங்குகிறான்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றேன். விடியும் நேரத்தில் அவன் தாய் வந்து என் தோளைத் தொட்டார். சென்று பார்த்தபோது கைகால்கள் சில்லிட்டிருந்தன. அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அவன் உறங்கவில்லை, உடலில் நீர் வற்றி, மூளைக்குப் போதிய ரத்தம் செல்லாமல், மெல்ல மெல்ல நினைவிழந்துகொண்டிருந்தான். என் கையெழுத்தில் இருந்த அந்த இரண்டு சொற்களை நான் இன்றும் மறக்கவில்லை.

பின்னாளில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் கழித்தேன். இளம் செவிலியர்களுக்குப் பயிற்சியும் அளித்தேன். குழந்தை மருத்துவம் என்றதும் நாம் மருத்துவர்களையும் கருவிகளையும் பற்றியே பேசுகிறோம். நோயுற்ற குழந்தையை முதலில் பார்ப்பவரும், இரவெல்லாம் அதன் அருகில் இருப்பவரும் செவிலியர். அவர் எதைப் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார், பார்த்ததைச் சொல்ல அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. அதைப் பேசுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

எஞ்சியிருக்கும் பணி

குழந்தைகள் நலத்தில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க நிலையில்தான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போர் இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, மாவட்டந்தோறும் தொடங்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள் பிரிவுகள், 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவை இந்த வளர்ச்சியின் அடையாளங்கள். எனினும், எண்ணிக்கை குறையக் குறைய அதை மேலும் குறைப்பது கடினமாகிறது. கட்டடமும் கருவியும் செய்யக்கூடியவற்றைச் செய்து முடித்த பிறகு எஞ்சுவது, ஆபத்தை உரிய நேரத்தில் கண்டுகொள்ளும் மனிதக் கண்.

அந்தக் கண்ணுக்குக் கும்மிடிப்பூண்டி வட்டாரம் வைக்கும் சோதனை சாதாரணமானதன்று. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டி அமைந்த தொழிற்பகுதி இது. சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளிலும் வார்ப்பாலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் தொழிலாளர்கள் பணிபுரிகிறார்கள். திருவள்ளூர், செங்குன்றம், ஊத்துக்கோட்டை சுற்றுவட்டாரச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர் போன்ற மாவட்டங்களிலிருந்து மக்கள் கைக்குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஊர் திரும்புகிறார்கள். இருளர் குடியிருப்புகளும் பழவேற்காட்டு மீனவர் கிராமங்களும் இலங்கைத் தமிழர் முகாமும் இதே வட்டாரத்தில்தான் உள்ளன. ஒரு காலை நேரத்தில் புறநோயாளிகள் வரிசையில் நின்றால் நான்கைந்து மொழிகள் காதில் விழும். குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதைத் தாயால் சொல்ல முடியாத இடத்தில், குழந்தையின் உடல் சொல்வதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தையின் உடல் எப்படிப் பேசுகிறது?

குழந்தை என்பது சிறிய அளவில் ஆக்கப்பட்ட பெரியவர் அன்று. அதன் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. ஒரு குழாயின் விட்டம் பாதியாகச் சுருங்கினால் அதனுள் சீராகச் செல்லும் காற்றுக்கான தடை 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. பெரியவருக்கு வெறும் தொண்டைக்கட்டாக முடியும் வீக்கம், கைக்குழந்தைக்கு உயிர்ப் போராட்டமாக மாறுவது இதனால்தான்.

இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. நோய் முற்றும்போது பெரியவரின் ரத்த அழுத்தம் முன்கூட்டியே சரிந்து எச்சரிக்கும். குழந்தையின் உடலோ இதயத்துடிப்பை விரைவுபடுத்தியும் கைகால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கியும் ரத்த அழுத்தத்தை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும். உடலிலுள்ள ரத்தத்தில் கால் பங்குக்கு மேல் இழந்த பிறகும் அழுத்தமானி இயல்பான எண்ணைக் காட்டக்கூடும். அது சரியும்போது நமக்கு நேரம் மிச்சமிருக்காது. எனவே, குழந்தைகள் வார்டில் 'பி.பி. நார்மல்' என்ற சொற்களில் ஆறுதல் தேடக் கூடாது. அதற்கு முன்பே தோன்றும் அறிகுறிகள் மூன்று: நடத்தை, மூச்சு, தோல்.

இம்மூன்றையும் குழந்தையைத் தொடாமலேயே பார்க்கலாம்; தாயின் மடியில் இருக்கும்போதே பார்க்க வேண்டும். மேசையில் கிடத்தி ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் குழந்தை அழத் தொடங்கிவிடும். பிறகு எண்ணும் எந்த எண்ணும் பொருளற்றது. நான்கடி தொலைவில் நின்று செவிலியர் தம்மிடம் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை: குழந்தை என்னைப் பார்க்கிறதா? கையை ஆட்டினால் கண் பின்தொடர்கிறதா? மூக்கு விடைக்கிறதா? ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகல் கேட்கிறதா? மூச்சை இழுக்கும்போது மார்பின் அடிப்பகுதி உள்நோக்கிக் குழிகிறதா? உதடு வெளிறியிருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா? மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் குழந்தைகளிடம் வெளிறலைக் கன்னத்தில் தேடக் கூடாது. உள்ளங்கையிலும் நாக்கிலும் கீழ் இமையின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். இவையனைத்துக்கும் அரை நிமிடம் போதும்.

அதன் பிறகுதான் தொட வேண்டும். கை சில்லிட்டிருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் மீண்டும் சிவக்க மூன்று விநாடிக்கு மேல் ஆகிறதா? நாடி விரைவாகவும் மெலிந்தும் ஓடுகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்பதே விடையானால், ரத்த அழுத்தம் எதுவாக இருந்தாலும் அக்குழந்தை அதிர்ச்சி நிலையில் இருக்கிறது. அன்று இரவு நான் அச்சிறுவனின் நெற்றியைத் தொட்டேன். உள்ளங்காலைத் தொட்டிருக்க வேண்டும்.

ஒரு முழு நிமிடம்

கருவியே தேவைப்படாத பரிசோதனை ஒன்று உண்டு. மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. மூச்சை எண்ணுவதுதான் அது. நிமோனியா உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெருமளவில் பலிகொள்ளும் நோய். எக்ஸ்ரே இல்லாத இடத்திலும் அதைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் எளிய வரையறையை வகுத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வேகமான மூச்சு. 2 முதல் 12 மாதம் வரை 50. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்தியா 2003இல் ஏற்றுக்கொண்ட, பச்சிளம் குழந்தைகள் மற்றும் குழந்தைப் பருவ நோய்களுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று இந்த எண்ணிக்கை.

முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பது விதி. கைக்குழந்தைகளின் மூச்சு சீரானதன்று. சற்று விரைந்து, சற்று நின்று, மீண்டும் விரையும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குப் பிழைக்கும். ஆனால், நெரிசல் மிகுந்த வார்டுகளில் நடப்பது வேறு. பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பாருங்கள். மூச்சு என்ற கட்டத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் 24 என்றே எழுதப்பட்டிருக்கும். எண்ணாமல் எழுதிய எண் அது. இது சோம்பல் என்று எளிதில் குற்றம் சாட்டிவிடலாம். 40 குழந்தைகளுக்கு ஆளுக்கொரு நிமிடம் என்றால் 40 நிமிடம். இடையில் ஊசி, டிரிப், மருத்துவருடன் சுற்று, கணினிப் பதிவு. நேரம் கொடுக்கப்படாத கடமை தாளில் மட்டுமே நிறைவேறும்.

ஒரு கோடைக் காலையில் நடந்ததைச் சொல்கிறேன். சூளையிலிருந்து வந்திருந்த இளம்பெண் ஒருவர் ஏழு மாதப் பெண் குழந்தையோடு வரிசையின் கடைசியில் நின்றிருந்தார். தமிழ் தெரியாது, இந்தியும் சரளமாக வரவில்லை. 'சளி' என்று மட்டும் சொல்லக் கற்றிருந்தார். பயிற்சி மாணவி சீட்டில் வெப்பநிலை 99, மூச்சு 24 என்று எழுதியிருந்தார். குழந்தை அழவில்லை. பக்கத்திலிருந்த பெஞ்சில் அமர்த்தி, சட்டையை உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன். மாணவியின் எண்ணிக்கை 64 வரை சென்றது. மார்பின் அடிப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் குழிந்தது. அந்தத் தாய் தம் மார்பைத் தொட்டுக் காட்டித் தலையை அசைத்தார். குழந்தை பால் குடிக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

பால் குடிக்கவோ நீர் பருகவோ இயலாமை, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, துவண்டுபோதல் அல்லது நினைவின்மை ஆகிய நான்கும் பொதுவான ஆபத்து அறிகுறிகள். ஒன்று இருந்தாலே வரிசை செல்லாது. குழந்தையை உள்ளே கொண்டுசென்றோம். ஆக்சிஜனும் முதல் தவணை மருந்தும் கொடுக்கப்பட்டு, 108 வாகனத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்டது. அந்தச் சீட்டில் இருந்த 24 என்ற எண்ணை நம்பியிருந்தால், அதன் முறை வர இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உடலைப் பார்ப்பது பாதி; கேட்பது மறுபாதி. 'கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?' என்ற கேள்வி ஆய்வகச் சோதனைகளுக்கு முன்பே உடலின் நீர்நிலையையும் சிறுநீரகத்தின் நிலையையும் சொல்லிவிடும். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை நாடறியும். சளி, காய்ச்சல் என்று தொடங்கிய குழந்தைக்குச் சிறுநீர் ஏன் நின்றது, வீட்டில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று விசாரித்து, புட்டியைக் கொண்டுவரச் சொல்வது செவிலியரின் வழக்கமான பணிகளில் ஒன்று. பாராசிட்டமால் சொட்டு மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் பொதுவாக 100 மி.கி. மருந்து இருக்கும், சிரப்பில் அதில் கால் பங்கோ அரைப் பங்கோதான் இருக்கும். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு வரும் பெற்றோர் உண்டு. ஆகவே, புட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும். குழந்தையின் எடையை ஒவ்வொரு முறையும் எடைபோட்டே எழுத வேண்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. புள்ளி ஒன்று இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

டெங்குக் காலத்தில் கேள்வியின் பொருளே மாறிவிடும். 'காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா?' என்று தாய் மகிழ்ச்சியோடு கேட்பார். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும் அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, சோர்வு, கைகால் சில்லிடுதல் ஆகியவற்றை அப்போதுதான் அடிக்கடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு 20க்குச் சுருங்குவதை, மேல் எண் சரிவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம். வெப்பநிலை அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இக்குழந்தை குணமாகிவிட்டதாகத் தோன்றும்.

வலியையும் அளக்க முடியும். பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுதல் என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் இடும் முறை 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்குச் சிரிப்பு முதல் அழுகை வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை போதும். அமெரிக்காவில் டோனா வாங் என்ற செவிலியர் கானி பேக்கர் என்பவருடன் சேர்ந்து 1980களில் உருவாக்கியது அது. ஒடியாவும் தெலுங்கும் பேசும் குழந்தைகள் நிறைந்த வார்டில் அந்த அட்டைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

இடமில்லாத வளரிளம் பருவம்

பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் 12 வயதோடு குழந்தைகள் பிரிவின் எல்லை முடிகிறது. பதின்மூன்று வயதுச் சிறுமி மறுநாளே பெண்கள் வார்டில், முதியவர்களுக்கிடையே படுத்திருப்பாள். 10 முதல் 19 வரை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தாலும், நம் கட்டில்களுக்கு அந்த வயது தெரியாது.

இவ்வயதினரிடம் பரிசோதனையைவிட உரையாடல் முக்கியம். பெற்றோர் இல்லாத சில நிமிடங்கள் தேவை. வீடு, பள்ளி, பொழுதுபோக்கு, போதைப் பழக்கம், பாலியல், மனச்சோர்வு என்று எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்லும் கேள்வி வரிசை உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது. அடிக்கடி வயிற்றுவலி என்று வரும் சிறுமியிடம் தாயின் முன்னிலையில் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்ற விடைதான் வரும். தனியாகக் கேட்கும் முன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: 'நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன், உனக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும்.' 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பது கட்டாயம் என்பதால், நிறைவேற்ற முடியாத வாக்குறுதியைச் செவிலியர் கொடுக்கலாகாது.

தொழிற்பகுதியில் இன்னொரு காட்சியும் உண்டு. விரல் நசுங்கிய நிலையில் ஒரு பையனை மேற்பார்வையாளர் ஒருவர் அழைத்துவருவார். வயது 19 என்பார். மீசை அரும்பாத முகம் வேறு சொல்லும். 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதை 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடைசெய்கிறது. காயத்துக்குக் கட்டுப் போடுவதோடு, அழைத்துவந்தவரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லி, 'உன் ஊர் எது, தம்பி? எந்த வகுப்பு வரை படித்தாய்?' என்று கேட்பதும் பராமரிப்பின் ஒரு பகுதி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணும் எல்லாச் செவிலியருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டியவை.

மதிப்பெண் மட்டும் போதுமா?

செவிலியரின் கண் கண்டதை எண்ணாக்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரைச் சேர்ந்த ஆலன் மோனகன் 2005இல் செவிலியர் இதழொன்றில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். நடத்தை, ரத்த ஓட்டம், மூச்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை உயர்ந்தால் மூத்த மருத்துவரை அழைக்க வேண்டும். இதன் வழிவந்த முறைகள் இன்று பல நாடுகளில் உள்ளன.

ஆனால், ஒரு கசப்பான உண்மையையும் மறைக்கக் கூடாது. ஏழு நாடுகளில், 21 மருத்துவமனைகளில், 1,44,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை உள்ளடக்கிய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. அத்தகைய ஒரு மதிப்பெண் முறையைப் புகுத்தியதால் இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அவை வசதி மிகுந்த நாடுகளின் மருத்துவமனைகள். தொடக்கத்திலேயே இறப்பு மிகக் குறைவு என்பது ஒரு காரணமாகலாம். படிவம் தானாக உயிர் காக்காது என்பதை அந்த முடிவு நினைவூட்டுகிறது.

இதற்கு நேர்மாறான சான்று ஓர் ஏழை நாட்டிலிருந்து கிடைக்கிறது. மலாவியின் பிளான்டையர் நகரில் உள்ள குயீன் எலிசபெத் மருத்துவமனையில், எலிசபெத் மோலினோ என்ற குழந்தைகள் மருத்துவரும் அவர் குழுவினரும் செய்த மாற்றம் எளியது. வரிசையின் முகப்பிலேயே பயிற்சி பெற்றவர் நின்று குழந்தைகளை அவசரம், முன்னுரிமை, காத்திருக்கலாம் என்று மூவகையாகப் பிரித்தார். அவசரச் சிகிச்சை அங்கேயே தொடங்கியது. சேர்க்கப்படும் குழந்தைகளிடையே 10 முதல் 18 விழுக்காடாக இருந்த இறப்பு 6 முதல் 8 விழுக்காடாகக் குறைந்ததாக 2006இல் அவர்கள் பதிவுசெய்தார்கள். அங்கே வந்தது புதிய இயந்திரம் அன்று. பார்ப்பவரை உரிய இடத்தில் நிறுத்தி, அவர் சொல்லுக்கு உடனே செயல் நிகழுமாறு செய்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இதிலிருந்து கொள்ளத்தக்கவை சில உள்ளன. குழந்தைகள் வரும் ஒவ்வொரு புறநோயாளிகள் பிரிவிலும், டோக்கன் கொடுக்கும் மேசைக்கு முன்பாக, பிரித்தறியும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருக்க வேண்டும். விநாடி முள் உள்ள கடிகாரமும், குழந்தைகளின் கைக்கேற்ற அளவுகளில் ரத்த அழுத்தப் பட்டைகளும், சிறுவிரலுக்குப் பொருந்தும் ஆக்சிமீட்டரும் அவரிடம் இருக்க வேண்டும். ஆபத்து அறிகுறிகளை ஒடியா, இந்தி, வங்காளம், தெலுங்கு மொழிகளில் படங்களோடு சொல்லும் அட்டைகள் வேண்டும். வளரிளம் பருவத்தினரோடு தனித்துப் பேச ஒரு திரைச்சீலையிட்ட மூலையாவது வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, செவிலியர் ஐயப்பட்டால் நள்ளிரவிலும் மூத்த மருத்துவரை அழைக்கும் உரிமை எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அழைத்தது வீணாகிவிட்டால் கடிந்துகொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். 'இதற்காகவா கூப்பிட்டீர்கள்?' என்று ஒருமுறை கேட்கப்பட்ட இளம் செவிலியர் அடுத்த முறை தயங்குவார். அந்தத் தயக்கத்தின் விலையைக் குழந்தை கொடுக்கும்.

வேலை நிலையற்றவருக்கு இந்தத் துணிவு எளிதில் வராது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி 2015 முதல் பணிக்கு வந்த செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் பெருந்திரளாகக் கூடியது நினைவிருக்கலாம். அதை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்த்தோம். ஒரு வார்டில் இரவில் எத்தனை செவிலியர் இருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு காலம் அங்கேயே பணியாற்றி அனுபவம் பெறுகிறார்கள் என்பது குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியும்கூட.

பெற்றோருக்கும் ஒரு சொல். குழந்தை உறங்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். நலமாக இருக்கும்போது எவ்வளவு என்று தெரிந்தால்தான் நோயின்போது வேறுபாடு தெரியும். காய்ச்சலின் அளவைவிட, குழந்தை குடிக்கிறதா, விளையாடுகிறதா, சிறுநீர் கழிக்கிறதா என்பதைக் கவனியுங்கள். மருத்துவமனை வரிசையில் குழந்தை துவள்வதாகத் தோன்றினால் உங்கள் முறைக்காகக் காத்திருக்காமல் உரக்கச் சொல்லுங்கள். 'இவள் எப்போதும் இப்படி இருக்க மாட்டாள், சிஸ்டர்' என்று ஒரு தாய் சொன்னால், என் அனுபவத்தில் அது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. என் மாணவிகளிடம் அதை ஓர் ஆபத்து அறிகுறியாகவே கருதும்படி சொல்லிவந்தேன்.

சூளையிலிருந்து வந்த அந்தக் குழந்தை, இரண்டு வாரங்களுக்குப் பின் தாயோடு மறுபரிசோதனைக்கு வந்தது. மூச்சை எண்ணிய அதே மாணவி கை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடமே அதிரும்படி அழுதது. தாய் சங்கடத்தோடு அதன் வாயைப் பொத்தப் போனார். அழட்டும் என்று சைகை காட்டினோம்.